கள்ளுக்கடையைப் பார்த்த வாசல்

போன மாதம் சேலத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து இரண்டு மாணவிகள் என்னைத் தேடி வந்தார்கள். கையில் டேப் ரெக்கார்டர். ஊர் மக்களைச் சங்கமாகச் சேர்ப்பது, அவர்களுக்காக அதிகாரிகளிடம் பரிந்து பேசுவது, இதையெல்லாம் இப்போது பாடமாக வைத்துப் பட்டயம் கொடுக்கிறார்களாம். "உங்க காலத்துல இந்தப் படிப்புக்கு என்ன பேருங்க மேடம்?" என்று கேட்டாள் ஒருத்தி. "வம்பு" என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

முப்பது வருஷம் சர்க்கார் வேலை பார்த்தேன். மாதர் சங்கங்களை மேற்பார்வை செய்கிற வேலை. நான் திறந்துவைத்த தையல் வகுப்புகளையும், நான் போனதும் மூடிய தையல் வகுப்புகளையும் பற்றிச் சொன்னால் அந்தப் பெண்களுக்குத் தூக்கம் வந்திருக்கும். சொல்லத் தகுந்தது ஒன்றே ஒன்றுதான். அதுவும் வேலைக்குச் சேருவதற்கு முன்பே, படிக்கும்போதே நடந்து முடிந்துவிட்டது. அதைச் சொல்ல ஆரம்பிக்கும்போது அவர்களுடைய மெஷினில் நாடா தீர்ந்துபோயிற்று. அதனால் எழுதுகிறேன்.

எங்களுடையது ராசிபுரத்து நெசவுக் குடும்பம். எட்டாவது வரை படித்தேன். கல்யாணம் நிச்சயமாகி, தாலிக்குச் சொல்லிவிட்ட பிறகு, மாப்பிள்ளை பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். என்னைக் கட்டிக்கொள்வதைவிட ஜப்பான்காரனோடு சண்டை போடுவது தேவலை என்று நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்லமாட்டேன். நான் அப்போதே கொஞ்சம் வாயாடி. வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த சமயத்தில், சேலத்தில் ஒரு தரும ஸ்தாபனம் பெண்களுக்குக் கிராம சேவைப் பயிற்சி கொடுப்பதாகவும் சாப்பாடு இலவசம் என்றும் அப்பா கேள்விப்பட்டார். சேவை என்ற சொல்லை விட்டுவிட்டு, சாப்பாடு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பள்ளி செவ்வாய்ப்பேட்டையில், ஒரு மிளகாய் மண்டிக்கு மேலே இருந்த மாடியில் நடந்தது. கீழே மூட்டை பிரித்தால் மேலே பாடம் நிற்கும். ஆறு பேர் படித்தோம். ஆறு பேரும் ஒன்பது மாதம் தும்மினோம். மக்கள் குறையைக் கேட்டுக் கண்ணீர் விடுகிறவர்கள் என்று எங்களைப் பற்றி அந்தத் தெருவில் ஒரு நல்ல பெயர் இருந்தது. காரணம் மிளகாய்.

எங்கள் சூப்பரின்டெண்டென்ட் பெயர் குணசீலி அம்மாள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர், கிறிஸ்தவர். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதுதான் இருக்கும். ஆனால் கலெக்டர் மாதிரி நடப்பார். வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்கள் பிடிக்கிற கறுப்புக் குடை ஒன்று கையில் இருக்கும். மாடு என்றால் பயம். தெருவில் எருமை வந்தால் குடையை விரித்து அதன் பின்னால் ஒளிந்துகொள்வார். கிராம சேவைக்கு ஆள் தயார் செய்கிறவருக்கு மாடு ஆகாது என்பதை எண்ணி நாங்கள் சிரித்துக்கொள்வோம். அவர் திரும்பியதும் தும்முவதுபோல நடிப்போம்.

அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. புது ஊருக்குப் போனால் ஒரு தெருவை மூன்று தடவை நடக்க வேண்டும். முதல் தடவை வெறுங்கையோடு, ஒன்றும் பேசாமல். இரண்டாம் தடவை வீட்டுக்கு வீடு தண்ணீர் கேட்டு. மூன்றாம் தடவைதான் பெயர் கேட்டு எழுதலாம். கூட்டம் போட்டால் சங்கம் அமைக்க வந்தவள் பேசக்கூடாது. ஊர்க்காரர்கள்தான் பேச வேண்டும். எங்களை வைத்து ஒத்திகைக் கூட்டம் நடத்தும்போது மேஜைமேல் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, யார் எத்தனை நிமிஷம் வாய் திறந்தோம் என்று குறிப்பார். என் பெயருக்கு எதிரே எப்போதும் பெரிய எண் இருக்கும்.

மனு எழுதுவதற்குத் தனியாக ஒரு மாதம். அந்தக் காலத்து மனுக்களில் பாதிப் பக்கம் அதிகாரியைப் புகழவே போய்விடும். அதையெல்லாம் அவர் சிவப்புப் பென்சிலால் அடித்துவிடுவார். முதல் வரியில் என்ன வேண்டும், இரண்டாம் வரியில் ஏன் வேண்டும், மூன்றாம் வரியில் எப்போது வேண்டும். 'தாழ்மையுடன்' ஒரு தடவைக்கு மேல் வந்தால் மதிப்பெண் குறையும். இதை மட்டும் நான் உடனே கற்றுக்கொண்டேன்.

கடைசி மூன்று மாதம் ஆளுக்கொரு ஊர். எனக்கு நாமக்கல் பக்கத்து நெசவு ஊர் ஒன்று வந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. அன்றைக்குப் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டாக இருந்தவருடைய பேரன்கள் நல்ல மாதிரி. அவர்களைச் சங்கடப்படுத்துவானேன்.

காளியம்மா என்ற நெசவுக்காரர் வீட்டில் எனக்கு ஒரு அறை கொடுத்தார்கள். விதவை. ஒரே மகன், மருமகள் பொன்னி. பொன்னிக்கு அப்போது ஐந்தாம் மாதம். காளியம்மா என்னை முதல் நாளே ஏற இறங்கப் பார்த்து, "சங்கம் வெக்க வந்தீங்களா, சம்பந்தம் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். இந்த அம்மாள் நமக்கு எதிரி என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

சொல்லிக் கொடுத்தபடியே தெருவை நடந்தேன். இரண்டாம் தடவை தண்ணீர் கேட்டபோது ஒன்று கவனித்தேன். எந்த வீட்டிலும் செம்பு நிறையக் கொடுத்தார்கள். ஆனால் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றுகிற பெண்களில் ஒருத்தியும் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. ஆண்கள் குடித்தார்கள். சித்திரை மாதம் வேறு. வீட்டுக்கு வந்து காளியம்மாவிடம் கேட்டேன்.

"தண்ணி குடிச்சாப் போவோணுமில்லீங்க அம்முணி. எங்கீங்க போறது?"

"தெருக்கோடியில போர்டு கட்டின கக்கூஸ் இருக்குதே."

"அதோட வாசல்ல போயி நின்னு பாருங்க. அப்பறம் பேசிக்கலாம்."

போய் நின்றேன். பெண்களுக்கென்று கட்டிய நல்ல கட்டடம்தான். நான்கு பக்கமும் உயரமான சுவர். வாசலுக்குக் கதவு இல்லை. வெறும் திறப்பு மட்டும். கட்டியபோது சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு இருந்தது. எதிரே இருந்த கள்ளுக்கடை பூட்டிக் கிடந்தது. அதைப் பார்த்து வாசல் வைத்துவிட்டார்கள். பிறகு யுத்தத்தில் மதுவிலக்கு போனது, கடை திறந்தது. இப்போது வாசலுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு வண்டி போகிற அகலம்தான். உள்ளே போகிறவளை ஒரு தடவை பார்த்து ஏதாவது சொல்வார்கள். வெளியே வருகிறவளைப் பார்த்து, எவ்வளவு நேரம் ஆயிற்று என்பார்கள். அங்கே நின்ற என்னைப் பார்த்தும் ஒருத்தர் கள் மொந்தையைத் தூக்கிக் காட்டி, "வாங்க டீச்சரம்மா" என்றார். அதனால் பெண்கள் விடிவதற்கு முன்னால் ஏரிக்கரைக்குப் போய்விட்டு, மறுநாள் விடிகிற வரைக்கும் தாக்குப்பிடித்தார்கள்.

அன்றைக்கே போர்டுக்கு மனு எழுதினேன். மூன்று வரி. பெண்கள் கக்கூஸின் வாசலை மாற்ற வேண்டும், அது கள்ளுக்கடையைப் பார்க்கிறது, ஒரு மாதத்துக்குள் வேண்டும். எழுதியதைச் சேலத்துக்கு அனுப்பி குணசீலி அம்மாளிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது விதி. சிவப்புப் பென்சிலோடு திரும்பி வந்தது. கக்கூஸ் என்பதை அடித்துவிட்டு 'சௌகரியம்' என்று எழுதியிருந்தார். கள்ளுக்கடை என்பதை அடித்துவிட்டு 'பொது இடம்' என்று எழுதியிருந்தார். ஓரத்தில், 'சபைக்குப் பெண்கள் அனுப்பும் மனுவில் கண்ணியம் வேண்டும்' என்று ஒரு குறிப்பு. கடைசியில் மனு சொன்னது இவ்வளவுதான்: இந்தத் தெருவில் பொது இடத்தை ஒட்டிப் பெண்களுக்குச் சௌகரியம் போதவில்லை, தக்க ஏற்பாடு செய்து தரவும்.

போர்டார் இரண்டே வாரத்தில் ஏற்பாடு செய்தார்கள். தெருக்கோடிப் புங்கமரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு போட்டார்கள். சாய்மானத்தில் 'மாதர் சௌகரியத்துக்காக' என்று எழுத்து. மறுநாளிலிருந்து கள் குடிக்கிறவர்கள் அதில் உட்கார்ந்து குடித்தார்கள். அங்கிருந்து வாசல் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

நான் இரண்டாவது மனு எழுத உட்கார்ந்தேன். பெஞ்சுக்கு நன்றி சொல்லி, ஆனாலும் என்று ஆரம்பித்து, கண்ணியமாக. அதை நான்கு நாளாகத் திருத்திக்கொண்டிருந்த சமயத்தில் பொன்னிக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. அடிவயிற்றில் வலி. சிறுநீர் நெருப்பாய் எரிகிறது என்று மாமியாரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று கேட்டார். காய்ச்சல் மூன்று நாளில் இறங்கியது. அதற்குள் ஆறு மாதத்துக் குழந்தை போய்விட்டது.

வீட்டுக்கு வந்த பொன்னி அழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காளியம்மா ஒரு செம்பு தண்ணீரை அவள் தலைமாட்டில் வைத்தார். அவள் அதைத் தள்ளி வைத்தாள். நான் என் மனுவை எடுத்துப் பார்த்தேன். 'ஆனாலும்' என்ற சொல்லை மூன்று விதமாக எழுதிப் பார்த்திருந்தேன். அதை அடுப்பில் போட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய காகிதத்தால் உருப்படியாக ஒரு காரியம் நடந்தது அன்றைக்குத்தான். வெந்நீர் காய்ந்தது.

அடுத்த போர்டு கூட்டத்துக்குத் தெருப் பெண்கள் எல்லோரும் போவது என்று முடிவாயிற்று. பொதுஜனங்கள் பின்னால் உட்கார்ந்து கேட்கலாம், பிரசிடெண்ட் அனுமதித்தால் பேசலாம். பேசுவதற்கென்று நன்றாக வாய் பேசுகிற இரண்டு பெண்களை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எட்டு மெம்பர்கள் நாற்காலியில். நாங்கள் தரையில். பிரசிடெண்ட் பெரிய பண்ணையக்காரர், தங்க பிரேம் மூக்குக்கண்ணாடி. எங்களைப் பார்த்து, "என்ன சமாச்சாரம்? பெஞ்சுதான் போட்டுக் குடுத்தாச்சே" என்றார்.

ஒத்திகை பார்த்த இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். தெருவில் சிரித்துப் பேசுகிற பேச்சு, எட்டு ஆண்கள் முன்னால் வாயில் வரவில்லை. நான் பேசக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரசிடெண்ட் அடுத்த காகிதத்தை எடுக்கப் போனார்.

"பெஞ்சு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் காளியம்மா. "அதுமேலயா வெளிக்கிருக்கறது?"

ஒரு மெம்பருக்கு வெற்றிலை புரையேறியது.

"இதெல்லாம் சபையில பேசற பேச்சா?" என்றார் பிரசிடெண்ட்.

"சபையில பேசித்தானுங்க வாசல அங்க வெச்சீங்க. என்ர மருமவ ஆறு மாசத்துக் கொழந்தயப் பறிகுடுத்துப்போட்டுப் படுத்துக் கெடக்கறா. தண்ணி குடிக்கோணும்னு டாக்டரு சொல்றாருங்க. குடிச்சுப்போட்டு அவ எங்க போவான்னு நீங்களே சொல்லுங்க."

பிரசிடெண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கள்ளுக்கடை சர்க்கார் சமாச்சாரம், நாங்க கையி வெக்க முடியாது. கட்டடத்தத் தூக்கித் திருப்பி வெக்கவா முடியும்?"

"கட்டடம் அங்கியே இருக்கட்டுமுங்க. முன்னால அடைச்சுப்போட்டுப் பின்னால ஒடச்சு உடுங்க. ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேல."

இந்தத் தடவை ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது ஒரு தென்னந்தோப்பு. பின்பக்கம் வாசல் வைத்தால், தோப்பு ஓரமாக ஒரு நடைபாதை விட வேண்டும். தோப்பு பிரசிடெண்டுடையது.

"யோசிச்சு அடுத்த கூட்டத்துல வெச்சுக்கலாம்" என்றார் பிரசிடெண்ட்.

"அதுவரைக்கும் நாங்க உங்க ஊட்டுக்கே வாரமுங்க" என்றார் காளியம்மா.

பிரசிடெண்ட் அதற்குள் அடுத்த காகிதத்தைப் படிக்க ஆரம்பித்திருந்தார். மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்து, தலை நிமிராமல், "வாங்க, வாங்க. வாரதுக்கென்ன" என்றார். நான் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு, தெருப் பெண்கள் ஆளுக்கொரு செம்போடு, கடைவீதி வழியாக வரிசையாக நடந்து பிரசிடெண்ட் வீட்டுக்குப் போனார்கள். கடைக்காரர்கள் தராசைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார்கள். பிரசிடெண்ட் முன்கட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன கூட்டம்?"

"நீங்கதானுங்க வரச் சொன்னீங்க."

அவர் எழுந்து, வேலைக்காரரைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். கதவு மூடிக்கொண்டது. நாங்கள் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றோம். அப்போது வீட்டின் பக்கவாட்டில் கொல்லைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிரசிடெண்டின் மனைவி நின்றார். மூக்கில் இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி, கை முழுக்கச் சாணி. "இப்பிடி வாங்க. ஒவ்வொருத்தரா. தொட்டியில தண்ணி ரொப்பி வெச்சிருக்கறேன்" என்றார். நாங்கள் வரப்போகிறோம் என்று அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

"ஏ, என்ன பண்ற?" என்று உள்ளே இருந்து பிரசிடெண்டின் குரல் கேட்டது.

"வரச் சொன்னது நீங்கதானாமுங்க. வந்தவங்களத் திருப்பியுட்டா ஊரு என்ன பேசும்?"

முதல் நாள் எங்கள் தெரு. இரண்டாம் நாள் பக்கத்துத் தெருவும் சேர்ந்துகொண்டது. காலையும் சாயங்காலமும் வரிசை. சிலர் தேவையே இல்லாமல், அந்த வீட்டுப் பித்தளை அண்டாக்களைப் பார்ப்பதற்காகவே வந்தார்கள். கக்கூஸ் இருந்த கொல்லை முழுக்கப் பெண்கள் நின்றதால், பிரசிடெண்ட் செம்பை எடுத்துக்கொண்டு தன் தோப்புக்குப் போக வேண்டியதாயிற்று. அதைக் கள்ளுக்கடையிலிருந்து பார்த்தவர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் குணசீலி அம்மாள் வந்து இறங்கினார். உங்கள் மாணவி ஊரைக் கெடுக்கிறாள் என்று யாரோ தந்தி கொடுத்திருந்தார்கள். அப்போது பெட்ரோல் கிடையாது, கரி அடுப்பு வைத்து ஓட்டிய பஸ். புதுச்சத்திரத்தில் அடுப்பு அணைந்து, மறுபடி மூட்டி, சேலத்திலிருந்து வந்து சேர ஆறு மணி நேரம். முகமெல்லாம் கரி. இறங்கிய இடத்திலேயே குடையை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தார். "உன்னைச் சங்கம் அமைக்க அனுப்பினேன். ஊர்வலம் நடத்த அனுப்பலை. எந்தப் பாடத்துல இதைச் சொல்லிக் கொடுத்தேன்?" கால் மணி நேரம் பேசினார். கடிகாரம் இருந்தால் நான் குறித்திருப்பேன். பேசி முடித்து, குரலைத் தாழ்த்தி, "இங்கே சௌகரியம் எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

நான் அவரைப் புங்கமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெஞ்சில் இரண்டு பேர் மொந்தையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே சாய்மானத்தில் இருந்த எழுத்தை அம்மாள் படித்தார். மறுபடி ஒரு தடவை படித்தார். அப்புறம் எதிரே இருந்த வாசலைப் பார்த்தார்.

"இது நான் எழுதின சொல்லா?"

"ஆமாங்க."

குழந்தை போன விஷயத்தை அங்கேயே நின்று சொன்னேன். அவர் முகத்தில் கரிக்கு நடுவில் கண் மட்டும் தெரிந்தது. பிறகு தெரு நடுவில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கக்கூஸ் எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

"பிரசிடெண்ட் வீட்டுல. வரிசையில நிக்கணுங்க."

நின்றார். ஒன்பதாவது ஆளாக. கொல்லையில் இரண்டு எருமை கட்டியிருந்தது. இந்தத் தடவை குடையை விரிக்கவில்லை. முன்னால் நின்ற காளியம்மாவின் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அதுக ஒண்ணும் பண்ணாதுங்க சாமி" என்றார் காளியம்மா.

நான்காம் நாள் கொத்தனார் வந்தார். முன்வாசலை அடைத்து, பின்சுவரை உடைத்து, தோப்பு ஓரமாக வேலி கட்டிப் பாதை விட்டார்கள். உண்மையிலேயே ஒரு நாள் வேலைதான். பிரசிடெண்ட் தன் பெயர் பொறித்த கல் ஒன்றைச் சுவரில் பதித்து, ரிப்பன் வெட்டினார். வெட்டிவிட்டு, யார் முதலில் உள்ளே போவது என்று தெரியாமல் எல்லோரும் நின்றோம். கடைசியில் பொன்னிதான் போனாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்ததாகக் காளியம்மா யாரையோ எழுதச் சொல்லிக் கடிதம் அனுப்பினார்.

ஒன்று சொல்லாவிட்டால் இது பொய்யாகிவிடும். அந்தக் கட்டடத்தைச் சுத்தம் செய்தவள் ஒரு பெண். ஊருக்கு வெளியே குடியிருந்தாள். மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட நான் அவளைக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. எனக்கும் தோன்றவில்லை, காளியம்மாவுக்கும் தோன்றவில்லை. அவள் தெருவை நான் ஒரு தடவைகூட நடக்கவில்லை. அவள் எங்கே தண்ணீர் குடித்தாள் என்றும் எனக்குத் தெரியாது. இன்றைக்கு என் பரீட்சைத் தாளை என்னிடமே கொடுத்தால், இதற்காகவே என்னைப் பெயிலாக்குவேன். குணசீலி அம்மாள் பெயிலாக்கவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னால் பயிற்சி அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அதில், காரியம் நடக்கக் காரணமானவர்கள் பெயர் என்று ஒரு பத்தி உண்டு. காளியம்மா பெயரை எழுதினேன். தெருப் பெண்கள் பெயரையெல்லாம் எழுதினேன். சம்பிரதாயத்துக்குப் பிரசிடெண்ட் பெயரையும் எழுதினேன். கொல்லைக் கதவைத் திறந்தவர் பெயரை எழுதப் போனால், பெயர் தெரியவில்லை. காளியம்மாவுக்கும் தெரியவில்லை. ஊர் முழுக்க அவர் பிரசிடெண்ட் ஊட்டுக்காரம்மாதான்.

நேரே போய்க் கேட்டேன். கொல்லையில் எருமைக்குப் புண்ணாக்கு கரைத்துக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். யாரும் கேட்டு வெகுநாளாகியிருக்கும் போல.

"பாவாயி" என்றார்.

எழுதிக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் விரலால் எழுத்தைத் தொட்டுப் பார்த்தார். மேலே இருந்த பெயர் யாருடையது என்று கேட்டார். உங்கள் வீட்டுக்காரர் பெயர் என்றேன்.

"அத அடிச்சுப்போட்டு எனக்குக் கீழ எழுதுங்க அம்முணி" என்றார். "கல்லுலதான் அவரு பேரு இருக்குதே. காயிதத்துலயாச்சும் நடந்தது நடந்தபடி இருக்கட்டும்."